பைக் சஸ்பென்ஷனை மாத்தப் போறீங்களா? 24,000 ரூபாய் செலவு பண்றதுக்கு முன்னாடி இந்த நாலு படி கணக்கைப் போட்டுப் பாருங்க



"வண்டி தூக்கித் தூக்கிப் போடுது, முதுகு வலிக்குது. நல்ல சஸ்பென்ஷன் மாத்தலாம்னு இருக்கேன். ஈஎம்ஐ-ல கிடைக்குது. எடுக்கலாமா?" பைக்கில் ஆபீஸ் போகும் யாருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். நம்ம ரோடு அப்படி. மழைக்கால பள்ளம், தோண்டி மூடாத குழி, தெருவுக்குத் தெரு அவரவர் இஷ்டத்துக்குப் போட்ட ஸ்பீட் பிரேக்கர்.

இதுக்கு ரெண்டு விதமான பதில் கிடைக்கும். பைக் பிரியர்களைக் கேட்டா "மாத்திடு மச்சி, வேற லெவல்" என்பார்கள். பணம் பற்றிப் பேசுறவங்களைக் கேட்டா "அந்த 24,000 ரூபாயை 12 சதவீத வருமானத்துல பத்து வருஷம் போட்டா 74,500 ரூபாய் ஆகும், வேண்டாம்" என்பார்கள். ரெண்டுமே முழு பதில் இல்லை. தினமும் உடம்பைத் தாங்குற ஒரு பொருளுக்குச் செலவு பண்றது ஊதாரித்தனம் கிடையாது. ஆனா தேவை என்னன்னு அளந்து பார்க்காம செலவு பண்றது நிச்சயம் ஊதாரித்தனம்தான்.

நான் மெக்கானிக் இல்லை, ஆடிட்டர். அதனால ஒரு கம்பெனி மெஷின் வாங்கலாமான்னு கேட்டா எப்படிக் கணக்குப் போடுவேனோ, அதே மாதிரி இதையும் போடப் போறேன். முதல்ல மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கணும். அப்புறம் குறைந்த செலவுல சரியாகுமான்னு பார்க்கணும். கடைசியில்தான் புதுசு.

நம்ம உதாரண ஆள்

பாடம் முழுக்க ஒரே ஒரு ஆளை வைத்துக் கணக்குப் போடுவோம். வயசு 28. கைக்கு வர்ற சம்பளம் 42,000 ரூபாய். வாடகை, வீட்டுக்கு அனுப்புறது, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து மாசச் செலவு 28,000. எஸ்ஐபி 5,000. மீதி 9,000. அவசர நிதி என்று பேங்கில் இருப்பது 30,000 மட்டும்.

தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீஸுக்குப் போக வர சுமார் 40 கிலோமீட்டர். மாசம் 24 நாள். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுத்துறதையும் சேர்த்து மாசம் 1,000 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். எடை 92 கிலோ. வார இறுதியில் மனைவியும் பின்னாடி உட்காருவார். வண்டிக்கு மூணு வயசு, 34,000 கி.மீ. ஓடியிருக்கு.

கடையில் அவருக்குக் கொடுத்த விலை: பின்பக்க ஷாக் அப்சார்பர் ஜோடி 16,000, முன்பக்க ஃபோர்க் ஸ்பிரிங்கும் ஆயிலும் 5,000, கூலி 3,000. மொத்தம் 24,000 ரூபாய். (இந்தப் பதிவில் வரும் விலை எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்க வண்டி, உங்க ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.)

சஸ்பென்ஷன் என்ன வேலை செய்யுது?

சுருக்கமா ரெண்டே பாகம். ஒண்ணு ஸ்பிரிங். இது எடையைத் தாங்குது, பள்ளத்தில் இறங்கும்போது அமுங்குது. இன்னொண்ணு டேம்பர். அமுங்கின ஸ்பிரிங் மறுபடி துள்ளாம அடக்குவது இதோட வேலை. டேம்பருக்குள்ளே ஆயில் இருக்கும். அந்த ஆயில் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியா நெருக்கிக்கிட்டுப் போகும்போது துள்ளல் சக்தி வெப்பமா மாறிப்போகுது.

முன்பக்கம் பெரும்பாலான வண்டிகளில் டெலஸ்கோபிக் ஃபோர்க்: ரெண்டு குழாய், உள்ளே ஸ்பிரிங், ஆயில். பின்பக்கம் ரெண்டு ஷாக் இருக்கும், இல்லைன்னா நடுவில் ஒரே மோனோஷாக்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரியும். வண்டி தூக்கிப் போடுதுன்னா காரணம் ஸ்பிரிங்காகவும் இருக்கலாம், டேம்பராகவும் இருக்கலாம், டயர் காற்றாகவும் இருக்கலாம். மூணுக்கும் செலவு வேற வேற. ஒண்ணு இலவசம், ஒண்ணு சில ஆயிரம், ஒண்ணு பல ஆயிரம். எதுன்னு தெரியாம விலை அதிகமானதை முதல்ல வாங்கினா, வண்டி சரியாகலாம். ஆனா எதனால சரியாச்சுன்னு தெரியாது. தேவைக்கு மேல எவ்வளவு கொடுத்தோம்னும் தெரியாது.

படி 1: செலவே இல்லாத வேலை

முதல்ல டயர் காற்று. வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ ஓனர் மேனுவலிலோ முன், பின், தனியாக, டபுள்ஸ் என்று அளவு போட்டிருக்கும். டயர் சூடாகாத நேரத்தில் அந்த அளவு வைக்கணும். "கொஞ்சம் எக்ஸ்ட்ரா வைங்க அண்ணா, மைலேஜ் கிடைக்கும்" என்று ஏத்திக்கிட்டா, டயரே கல்லு மாதிரி ஆகிடும். சின்னச் சின்ன அதிர்வை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியது டயர். அது வேலை செய்யலைன்னா எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் போட்டாலும் அந்த அதிர்வு உங்க இடுப்புக்குத்தான் வரும். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம். இந்தச் செலவு பூஜ்யம்.

அடுத்து பிரீலோட். பின்பக்க ஷாக்கின் ஸ்பிரிங் கீழேயோ மேலேயோ படிக்கட்டு மாதிரி வெட்டின ஒரு வளையம் இருக்கும். வண்டியோடு தரும் கொக்கி ஸ்பேனரை வைத்து அதைத் திருப்பலாம். உதாரணமா, 2021-ல் வந்த ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350-ல் பின்பக்கம் 6 படி பிரீலோட் இருக்கு. வாங்கின நாளிலிருந்து அதைத் தொடாதவங்கதான் அதிகம்.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைச் சரி பண்ணிடுவோம். பிரீலோடை ஏத்தினா ஸ்பிரிங் கெட்டியாகிடும்னு நினைப்பாங்க. ஆகாது. ஸ்பிரிங்கோட கடினம் அதே தான். நீங்க உட்காரும்போது வண்டி எவ்வளவு கீழே இறங்கும் என்பதுதான் மாறும். ரொம்ப இறங்கிட்டா, பள்ளம் வரும்போது அமுங்க மீதி இடம் இருக்காது. கடைசியில் 'டங்'னு முட்டும். இறங்கவே இல்லைன்னா, சின்ன மேட்டுக்கே தூக்கி எறியும்.

அதை அளந்து பார்க்கலாம். இதுக்குப் பேர் சேக். ஒரு டேப், ஒரு நண்பர் போதும்.

1. வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போடுங்க. பின் சக்கரம் தரையைத் தொடக்கூடாது. சக்கர ஆக்ஸில் நடுவிலிருந்து நேர் மேலே சீட் ஓரத்தில் ஒரு இடத்தைக் குறிச்சு, ரெண்டுக்கும் நடுவில் அளங்க. 520 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.
2. ஸ்டாண்டை எடுத்து, ஹெல்மெட், ஆபீஸ் பை எல்லாம் போட்டுக்கிட்டு வழக்கமா உட்காருற மாதிரி உட்காருங்க. ரெண்டு தடவை லேசா அமுக்கி விட்டு, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைங்க. ஒருத்தர் முன்னாடி வண்டியைப் பிடிச்சுக்கணும். நண்பர் அதே ரெண்டு புள்ளியை அளக்கட்டும். 488 மி.மீ. வந்தா வித்தியாசம் 32.
3. உங்க வண்டியின் பின் சக்கர டிராவல் எவ்வளவுன்னு மேனுவலில் பாருங்க. 100 மி.மீ. என்றால் சேக் 32%.

பொதுவாக நல்ல அளவு 25 முதல் 33 சதவீதம். அதுக்கு மேல போனா பிரீலோடை ஒரு படி ஏத்துங்க, கீழே இருந்தா ஒரு படி இறக்குங்க. ரெட்டை ஷாக் வண்டியில் ரெண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கணும், மறக்காதீங்க.

இந்த அளவுதான் உங்க செலவை முடிவு பண்ணப் போகுது. பிரீலோடை முழுக்க ஏத்தியும் 33 சதவீதத்துக்குள் வரலைன்னா, அந்த ஸ்பிரிங் உங்க எடைக்கு மெலிசு. முழுக்க இறக்கியும் 25-ஐ எட்டலைன்னா, ஸ்பிரிங் உங்களுக்குக் கெட்டி. 55 கிலோ இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த ரெண்டாவது நிலைமை வரும். ரெண்டுமே ஸ்பிரிங் மாற்ற நியாயமான காரணம். ஒருவேளை அளவு சரியா வந்துட்டா, ஸ்பிரிங் மேல தப்பில்லை. அடுத்த படிக்குப் போங்க.

படி 2: சர்வீஸ்

வண்டியை நிறுத்தி, பின் சீட்டை அழுத்தமா அமுக்கி விடுங்க. ஒரே தடவை மேலே வந்து நின்னா டேம்பர் உயிரோட இருக்கு. ரெண்டு மூணு தடவை ஊஞ்சல் ஆடினா, டேம்பர் போச்சு. முன் பிரேக்கைப் பிடிச்சு ஹேண்டில்பாரை அமுக்கி முன்பக்கத்தையும் இதே மாதிரி பாருங்க.

ஃபோர்க் ஆயில் நிரந்தரப் பொருள் இல்லை. ஓட ஓட அழுக்காகும், நீர்த்துப்போகும். பல வண்டிகளுக்கு சுமார் 20,000 கி.மீ. அல்லது ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். உங்க மேனுவலில் இருக்கும் கணக்கே இறுதி. எஞ்சின் ஆயிலை மறக்காம மாத்துறவங்க கூட ஃபோர்க் ஆயிலைக் கேட்டதில்லை. காரணம் சாதாரண ஜெனரல் சர்வீஸில் அது வராது, நாமதான் தனியா எழுதச் சொல்லணும்.

ஒரு சர்வீஸ் பட்டியல் தரேன், ஜாப் கார்டில் எழுதி வாங்குங்க:

- ஃபோர்க் ஆயில் மாற்றம். மேனுவலில் சொன்ன கிரேடு, சொன்ன அளவு. ரெண்டு காலிலும் ஒரே அளவு.
- ஃபோர்க் ஆயில் சீல், டஸ்ட் சீல். ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிஞ்சா கட்டாயம் மாத்தணும். இது சொகுசு விஷயம் இல்லை, பாதுகாப்பு விஷயம். கசியும் ஆயில் முன் பிரேக் டிஸ்க்கில் பட்டா பிரேக் பிடிக்காது.
- கோன் செட். பள்ளத்தில் ஹேண்டில்பாரில் 'டொக்கு டொக்கு'ன்னு சத்தம் வந்தா முதல் சந்தேகம் இதுமேல.
- ஸ்விங் ஆர்ம் புஷ். பின்பக்கம் ஆட்டம் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.

நம்ம ஆளுக்கு இது எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் ஆச்சுன்னு வைப்போம். 20,000 கி.மீ. வரைக்கும் தாங்கும். ஒரு கி.மீ.க்கு 15 பைசா. 34,000 கி.மீ. வரை ஃபோர்க் ஆயிலே மாத்தாத வண்டிக்கு இது புது ஃபோர்க் போட்ட மாதிரியே தெரியும். அவருக்கு முன்பக்கப் பிரச்சினை இங்கேயே முடிஞ்சது. கடைக்காரர் சொன்ன 5,000 ரூபாய் ஃபோர்க் ஸ்பிரிங் தேவைப்படலை.

ஒரு விஷயம். பெரும்பாலான சாதாரண வண்டிகளின் பின்பக்க ஷாக் சீல் பண்ணினது, பிரிச்சு ஆயில் மாத்துற மாதிரி செய்யலை. கசிஞ்சா மாத்துவதுதான் வழி. "பிரிச்சு கேஸ் அடிச்சுத் தரேன்" என்று ரோட்டோரம் சொல்பவரிடம் பில்லும் இருக்காது, கேரண்டியும் இருக்காது.

படி 3: கம்பெனி போட்ட அதே ஷாக்கைப் புதுசா போடுறது

சேக் அளவு சரி, ஆனா அமுக்கிப் பார்த்தா ஆட்டம் நிக்கலை. அப்போ உங்களுக்குத் தேவை புது ஷாக். அப்கிரேடு கிடையாது.

இந்தியாவில் பைக் கம்பெனிகள் ஷாக்கைத் தாங்களே செய்வதைவிட, கேப்ரியல், எண்டூரன்ஸ், முஞ்சால் ஷோவா மாதிரி கம்பெனிகளிடம் வாங்குவதுதான் அதிகம். கேப்ரியலுக்கு நம்ம ஓசூரில் ஃபேக்டரியே இருக்கு. இந்த மாதிரி தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரிலும் ஸ்பேர் விற்கிறார்கள். அதனால ஷோரூம் விலை கேட்டதும், நல்ல ஸ்பேர் கடையில் தயாரிப்பாளர் பெயரில் வரும் அதே மாடலுக்கான ஷாக் விலையையும் கேளுங்க. சென்னையில் ஜி.பி. ரோடு, மத்த ஊரில் டீலர் அங்கீகாரம் உள்ள கடை. பெட்டி சீல், பார்ட் நம்பர், பில் மூணும் பார்த்து வாங்குங்க. ஷாக் போலி வாங்குற பொருள் கிடையாது.

ஜோடி 5,000 ரூபாய், 40,000 கி.மீ. உழைக்கும் என்றால் கி.மீ.க்கு 12.5 பைசா.

படி 4: அப்போ யாருக்குத்தான் அப்கிரேடு?

மூணு பேருக்கு நியாயம் இருக்கு.

முதல் ஆள், படி 1-ல் சேக் அளவு எந்தப் பிரீலோடிலும் சரியாகாதவர். ரெண்டாவது, அடிக்கடி டபுள்ஸும் பையுமா நெடுந்தூரம் போறவர். மூணாவது, வேகமா நெடுநேரம் மோசமான ரோட்டில் ஓட்டுறவர். தொடர்ந்து வேலை செய்யும்போது ஷாக்கில் ஆயில் சூடாகி நுரைக்கும். நுரைச்ச ஆயில் துள்ளலை அடக்காது. கேஸ் நிரப்பின ஷாக்கில் அழுத்தம் இருப்பதால் நுரைப்பது குறையும். விலைக்கு ஒரு காரணம் இதுதான்.

மேலே போகப் போக ரீபவுண்ட், கம்ப்ரஷன் என்று தனித்தனி திருகு வரும். தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ்-லிருந்து, 1976-ல் தொடங்கின சுவீடனின் ஓலின்ஸ் வரை வரிசையா இருக்கு. ரேஸ் ஓட்டுறவங்க அந்தத் திருகை ஒவ்வொரு நாளும் திருப்புவாங்க. நாம ஆபீஸ் போறதுக்கு ஒரு தடவை வச்சா வச்சதுதான். திருப்பப் போகாத திருகுக்குக் காசு கொடுக்காதீங்க.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி பிராண்டு இல்லை. "என் எடை 92 கிலோ, பின்னாடி 60 கிலோ, இதுக்கு எந்த ஸ்பிரிங் ரேட்?" இதுக்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீங்க. உங்க எடைக்குப் பொருந்தாத ஸ்பிரிங், என்ன விலை கொடுத்தாலும் பொருந்தாத ஸ்பிரிங்தான். சொகுசுன்னா மெத்துன்னு இருக்கணும்னு இல்லை. ரொம்ப மெலிசான ஸ்பிரிங் பள்ளத்தில் முட்டி முதுகெலும்புக்கே அடி கொடுக்கும்.

ரெண்டாவது கேள்வி, நீளம். ஒரிஜினலைவிட நீளமான ஷாக் போட்டா வண்டி முன்னாடி சாயும், ஹேண்டில் படபடக்கும், சைடு ஸ்டாண்டும் சரியா நிக்காது. ஒரிஜினல் அளவே வாங்குங்க.

நம்ம ஆளுக்கு வருவோம். தனியா ஓட்டும்போது பிரீலோடை மேல ஏத்தினதும் சேக் 33 சதவீதத்துக்கு வந்துடுச்சு. ஆனா மனைவி உட்கார்ந்தா முழு பிரீலோடிலும் பள்ளத்தில் முட்டுது. ஆக, பின்பக்கம் கெட்டியான ஸ்பிரிங் உள்ள ஷாக் அவருக்கு நிஜமாவே தேவை. முன்பக்கம் தேவையில்லை. 24,000 ரூபாய் பட்டியல், சர்வீஸ் 3,000 + பின் ஷாக் 16,000 + பொருத்தும் கூலி 500 = 19,500 ஆனது. 4,500 ரூபாய் மிச்சம், ஒரு டேப் புண்ணியத்தில்.

கி.மீ.க்கு எவ்வளவு?

ஒரு பொருளின் விலையைப் பார்த்து மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். பயன்பாட்டால் வகுத்துப் பாருங்க.

- சர்வீஸ்: 3,000 ÷ 20,000 கி.மீ. = 15 பைசா
- அதே ஷாக் புதுசு: 5,000 ÷ 40,000 = 12.5 பைசா
- அப்கிரேடு பின் ஷாக்: 16,000 ÷ 40,000 = 40 பைசா
- கடைக்காரர் சொன்ன முழு செட்: 24,000 ÷ 40,000 = 60 பைசா

ஒப்பிட்டுப் பார்க்க: லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 40 என்றால் பெட்ரோலே கி.மீ.க்கு 2.50 ரூபாய். அதோட பார்த்தா 40 பைசா பெரிய தொகை இல்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் சீட்டில் இருக்கார், மாசம் 24 நாள், 40 மாசம். மொத்தம் 1,440 மணி நேரம். 16,000-ஐ வகுத்தா மணிக்கு 11 ரூபாய் சொச்சம். ஒரு டீ விலைக்குப் பக்கத்துல. அதனாலதான் "எஸ்ஐபி-யில் போடு" என்று கண்ணை மூடிச் சொல்ல மாட்டேன்.

ஆனா இந்தக் கணக்கு முழுக்க ஒரே ஒரு விஷயத்தை நம்பி நிக்குது: அந்த 40,000 கி.மீ.யை நீங்க அதே வண்டியில் ஓட்டணும். அடுத்த வருஷம் வண்டியை மாத்துற எண்ணம் இருந்தா? 12,000 கி.மீ. மட்டும் ஓடும். 16,000 ÷ 12,000 = கி.மீ.க்கு 1.33 ரூபாய். பழைய வண்டி வாங்குறவர் உங்க ஷாக்குக்குத் தனியா காசு தர மாட்டார். அவர் பார்க்கிறது வருஷம், கிலோமீட்டர், எஞ்சின். அதனால கழட்டின ஒரிஜினல் ஷாக்கைத் துணியில் சுத்திப் பத்திரமா வைங்க. விக்கும்போது அதைப் போட்டுட்டு, இதைத் தனியா விக்கலாம்.

பணம் எங்கிருந்து வரணும்?

"நோ காஸ்ட் ஈஎம்ஐ தானே சார், வட்டியே இல்லையே?" வட்டி இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாது. பூஜ்ய வட்டி என்ற விஷயமே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்போ நடப்பது, வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டி, அந்த வட்டியை உங்ககிட்டேயே வாங்குறது.

24,000 ரூபாய், 6 மாசம், மாசம் 4,000. கார்டு வட்டி வருஷம் 15% என்றால் அதற்குள் வட்டி சுமார் 1,016 ரூபாய். அது தள்ளுபடியில் கழிஞ்சிடும். ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 183 ரூபாய், பிராசஸிங் கட்டணம் 199, அதுக்கு ஜிஎஸ்டி 36. ஆக 418 ரூபாய் கூடுதல். ரொக்கத்துக்குக் கேட்டா கிடைச்சிருக்கும் தள்ளுபடி வேற போச்சு.

418 ரூபாய்க்காக நான் ஈஎம்ஐ வேண்டாம்னு சொல்லலை. காரணம் வேற. நம்ம ஆளோட மாசச் செலவு 28,000. மூணு மாசத்துக்கு 84,000 அவசர நிதி வேணும். இருப்பது 30,000. அதாவது ஒரு மாசச் செலவுக்குத்தான் தாங்கும். இந்த நிலையில் மாசம் 4,000 ரூபாய் கட்டாயக் கடமையை ஏத்திக்கிட்டா, நாலாவது மாசம் வேலை போனாலும் சரி, அப்பாவுக்கு ஆஸ்பத்திரி செலவு வந்தாலும் சரி, ஈஎம்ஐ காத்திருக்காது. ஒரு தவணையைத் தவறவிட்டு அது கார்டு பாக்கியில் சேர்ந்தா, மாசம் 3.5% வட்டின்னு வச்சாலும் வருஷத்துக்கு 42%. ஷாக் மெத்துன்னு இருக்கும், ராத்திரி தூக்கம் இருக்காது.

அவருக்கு நான் தர்ற திட்டம்:

- முதல் மாசம்: மீதி 9,000-ல் 3,000 சர்வீஸுக்கு, 6,000 அவசர நிதிக்கு.
- ரெண்டாவது மாசத்திலிருந்து: 7,000 அவசர நிதி, 2,000 தனியா 'பைக் நிதி'.
- எட்டாவது மாச முடிவில் அவசர நிதியில் சேர்ந்தது 6,000 + 49,000 = 55,000. பழைய 30,000-ஓட 85,000. இலக்கு முடிஞ்சது.
- அதே நேரம் பைக் நிதியில் 14,000. ஒன்பதாவது மாசம் மீதி 2,500-ஐப் போட்டா 16,500 தயார். ரொக்கமா ஷாக் வாங்கலாம்.

எஸ்ஐபி ஒரு மாசம் கூட நிக்கலை. கடனும் இல்லை. அதுவரை வார இறுதியில் டபுள்ஸ் போகும்போது வேகத்தைக் குறைச்சு, பிரீலோடை ஏத்தி ஓட்டணும். அவ்வளவுதான்.

வேலை முடிஞ்சதும் அந்த பைக் நிதியை மூடிடாதீங்க. ஓடும் ஒவ்வொரு கி.மீ.க்கும் ஒரு ரூபாய் ஒதுக்குங்க. மாசம் 1,000 கி.மீ. என்றால் 1,000 ரூபாய். டயர், செயின் செட், இன்சூரன்ஸ், அடுத்த ஃபோர்க் ஆயில், எல்லாம் இதிலிருந்தே போகும். சம்பளக் கணக்கைத் தொட வேண்டாம்.

பில், வரி, இன்சூரன்ஸ், சட்டம்

*பில்:* 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18%. 16,000 ரூபாய் ஷாக்கில் சுமார் 2,440 ரூபாய் வரி. "பில் இல்லாம 1,500 குறைச்சுத் தரேன்" என்பார்கள். பில் இல்லைன்னா வாரண்டி இல்லை, பொருள் அசல்தான்னு நிரூபிக்கவும் முடியாது.

*வருமான வரி:* சொந்த பைக் செலவைச் சம்பளத்திலிருந்து கழிக்க வழியில்லை. ஸ்டாண்டர்டு டிடக்ஷன் நீங்க செலவு பண்ணாலும் பண்ணலைன்னாலும் அதே தொகைதான்.

*இன்சூரன்ஸ்:* தேய்மானத்தால் போன ஷாக்குக்கு எந்த பாலிசியும் காசு தராது. விபத்தில் உடைந்தால்தான் கிளெய்ம். அப்போதும் சாதாரண பாலிசியில் தேய்மானம் கழிப்பாங்க: ரப்பர், பிளாஸ்டிக்குக்கு 50%, உலோகப் பாகத்துக்கு வண்டி 2 முதல் 3 வயசு என்றால் 15%, 3 முதல் 4 வயசு என்றால் 25%. வெளியே வாங்கிப் போட்ட பொருளைச் சொல்லாம விட்டா, அதன் விலையைக் கேட்க உங்களுக்குப் பிடி இருக்காது. ஷாக் மாத்தின அன்றே பில்லை இணைச்சு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க, பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்க. பதில் மெயிலைப் பத்திரப்படுத்துங்க.

*சட்டம்:* மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்சி-யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். சட்டம் சொல்லும் மாற்றம் என்பது வண்டியின் அடிப்படை அமைப்பையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம். உங்க மாடலுக்கே செய்த, அதே நீள ஷாக்கை அதே போல்ட்டில் பொருத்துவது ஒரு ரகம். ஃபிரேமை வெட்டி வெல்டு வச்சு ரெட்டை ஷாக்கை மோனோஷாக் ஆக்குவது வேற ரகம். ரெண்டாவது பக்கம் போகவே போகாதீங்க. வீல்பேஸ் ஆர்சி-யிலேயே இருக்கு, உடையப் போறது ஃபிரேம் மட்டும் இல்லை.

*வாரண்டி:* வண்டி இன்னும் கம்பெனி வாரண்டியில் இருந்தா, வெளிப் பாகம் போடும் முன் வாரண்டி புத்தகத்தைப் படிங்க. வாரண்டிக்குள் ஷாக் கசிஞ்சா முதல்ல ஷோரூமுக்குப் போங்க. இலவசமா கிடைக்க வாய்ப்புள்ளதுக்கு ஏன் 16,000 கொடுக்கணும்?

முதுகு வலி இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை

வலி ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா, கால் மரத்துப்போனா, முதல் செலவு டாக்டருக்கு. சீட்டின் ஃபோம் உட்கார்ந்து போயிருக்கலாம், ஹேண்டில் உங்க உயரத்துக்குப் பொருந்தாம இருக்கலாம், முதுகில் மாட்டுற லேப்டாப் பை கனமா இருக்கலாம். இதையெல்லாம் எந்த ஷாக்கும் சரி பண்ணாது. பையை டேங்க் மேலேயோ பின் சீட்டிலோ கட்டிப் பாருங்க. அதுக்கும் செலவு இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது

1. காலையில் டயர் காற்றைச் சரி பண்ணுங்க.
2. டேப் எடுத்து சேக் அளந்து, பிரீலோடை மாத்தி, அந்த நம்பரை எழுதி வைங்க.
3. பழைய சர்வீஸ் பில்லைப் புரட்டி, ஃபோர்க் ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்கன்னு பாருங்க. இல்லவே இல்லைன்னா அடுத்த சர்வீஸில் எழுதுங்க.
4. ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்க. இன்னும் முட்டுதுன்னா, உங்க எடையும் சேக் நம்பரும் கையில் இருக்கு. அதோட கடைக்குப் போங்க.
5. பேங்க் ஆப்பில் 'பைக்' என்று தனியா ஒரு ஆர்டி தொடங்குங்க.

நீங்க அளந்த சேக் நம்பர், உங்க எடை, வண்டி மாடல் மூணையும் கமெண்டில் போடுங்க. உங்க ஊரில் ஃபோர்க் சர்வீஸுக்கு எவ்வளவு வாங்கினாங்கன்னும் சொல்லுங்க, அதே வண்டி வச்சிருக்கிற இன்னொருத்தருக்கு உதவும். அடுத்த பதிவில் டயரையும் செயின் செட்டையும் இதே கி.மீ. கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஹெல்மெட் போட்டு ஓட்டுங்க.